தனி ஆரம்பித்ததும்

செபாஸ்தியம்மாள் டீச்சர் உயிரோடு இருந்தபோது மிருதங்கக்காரர் கருப்பணன் கடைசியாகப் பார்த்தது அவர் முதுகைத்தான்.

ஊரடங்குக்கு முந்தின கச்சேரி அது. பாட்டு ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் பேசுகிற தனி ஆரம்பித்தது. முதல் வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார். கையில் சிவப்பு பிளாஸ்க். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மட்டுமில்லை, எல்லாக் கச்சேரியிலும் இதே கதைதான். கொடைரோட்டிலிருந்து பஸ் ஏறி திண்டுக்கல் சபாவுக்கு வருவார். பாட்டு முழுக்கத் தொடையில் தாளம் போடுவார். கருப்பணனின் முறை வந்ததும் பிளாஸ்க்கைத் தூக்கிவிடுவார்.

ஒருநாள் வாசலில் மறித்தே கேட்டுவிட்டார் கருப்பணன்.

"என்ன டீச்சர், என் வாசிப்பைக் கேட்டாத்தான் காபி தாகம் எடுக்குமோ?"

"சூடு குறையறதுக்குள்ள போகணும்ல தம்பி" என்று சிரித்தார் டீச்சர்.

ஆவணியில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. கருப்பணனுக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முதுகை மறக்க முடியவில்லை.

புரட்டாசியில் சபாவில் மறுபடி கச்சேரி. ஆள் கூடக்கூடாது என்பதால் நாற்காலிகள் காலி. எதிரே ஸ்டாண்டில் ஒரு செல்போன். அதில் பார்க்கிறவர்கள்தான் ரசிகர்கள்.

"சனமே இல்லாம எப்படிண்ணே வாசிப்பீங்க?" மாஸ்க்கை இறக்கிக் கேட்டாள் பாடகி தமிழ்நிலா.

"நல்லதுதாம்மா. எந்திரிச்சுப் போகவும் ஆளில்லையே!"

பாட்டு முடிந்து தனி வந்தது. கண்ணை மூடி, நிதானமாகத் தொடங்கினார்.

டங்! டங்! டங்!

பக்கத்து பீரோப் பட்டறையில் தகரம் தட்டுகிறார்கள். இவ்வளவு நேரம் பாட்டில் அமுங்கிக் கிடந்த சத்தம் இப்போது மண்டையில் விழுந்தது. அவர் ஒரு தாளத்தில் போக, சுத்தியல் வேறு தாளத்தில் போனது. கை தடுமாறி நின்றுவிட்டது.

"இத்தனை வருசமா இல்லாத சத்தம்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனார்.

"ஏம்ப்பா, பக்கத்துல கச்சேரி நடக்குறது தெரியலையா?"

பட்டறைக்காரர் பேச்சிமுத்து பதறிப்போய்ச் சுத்தியலைக் கீழே போட்டார்.

"தனி வந்துருச்சாண்ணே? வந்து சொல்ல ஆளில்லாமப் போச்சு."

"யாரு வந்து சொல்லுவா?"

"நம்ம செபாஸ்தியம்மா டீச்சர்தான். பிளாஸ்க்குல டீயோட வருவாக. 'இந்தாங்கப்பா, குடிங்க. கருப்பணன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் சுத்தியலைத் தொடக்கூடாது'ம்பாக. செத்த நேரம் நாங்க பேசுனாக்கூட வாயில விரலை வச்சுருவாக, பள்ளிக்கூடம் கணக்கா!"

பேச்சிமுத்து சபாவைப் பார்த்த பக்கம் கை காட்டினார்.

"அந்தா, அந்த ஜன்னல்கிட்ட நின்னு கேப்பாக. கை அதுபாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டே இருக்கும். கடைசியா வந்தன்னைக்கு பிளாஸ்க்கை மறந்து வச்சுட்டுப் போயிட்டாக. அடுத்த கச்சேரிக்கு வருவாகன்னு இருந்தோம்."

ஜன்னல் கட்டையில் சிவப்பு பிளாஸ்க் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.