பேரோவின் கம்பளிச் சட்டை

"ஒரு பழைய கம்பளிச் சட்டை. அதைத் தேடித் தரக்கூட உங்களுக்கு மனசு வரலையா? நீங்க மனுஷனா, கல்லா?"

கியோமார் புருஷன் துவார்த்தேயிடம் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே! வாசலில் அல்தோன்சா கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

துவார்த்தே நிமிரவில்லை. லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல்களில் பாதி அவர் பணத்தில்தான் பாய் விரித்தன. மூன்று வருஷம் கழித்து, போன வாரம்தான் மிளகோடு திரும்பிய கப்பலும் அப்படித்தான். மிளகு வந்தது, அல்தோன்சாவின் புருஷன் பேரோ வரவில்லை. நடுக்கடலில் காய்ச்சல் கண்டு போய்விட்டான் என்று துவார்த்தேதான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் சம்பளத்தைக் கையில் கொடுத்தார். அதோடு சரி.

"அது வித்துப்போச்சு. செத்தவன் சாமானைப் பாய்மரத்தடியிலயே ஏலம் போட்டுடுவாங்க. கப்பல் வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஏலத்துல எடுத்தவன் இந்த ஊர்லதானே இருப்பான்? ரெண்டு காசு கூடக் கொடுத்துத் திருப்பி வாங்குங்க."

"முடியாது. அந்தப் பேச்சை விடு."

கியோமார் தலையிலடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, எனக்குப் பணம் வேணாம்மா. திருப்பிக் கொடுத்துடறேன். அந்தச் சட்டை போதும்," என்றாள் அல்தோன்சா. "நான் பின்னினது. கழுத்துப் பக்கம் அவர் வாசனை இருக்கும். மூணு வருஷமா அவர் தலையணையை மோந்து மோந்து, அதுல இப்ப என் வாசனைதான் இருக்கு."

கியோமார் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ உள்ளே வந்து உட்காரு. நான் கொண்டுவரேன்."

ஆற்றங்கரையில் அந்தக் கப்பலின் மாலுமித் தலைவன் மத்தி மீன் சுட்டுத் தின்றுகொண்டிருந்தான். முதலாளியம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"பேரோவோட சட்டையை ஏலத்துல எடுத்தது யாரு?"

"அதும்மா... முதலாளியைக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வரேன். நீயும் அந்தக் கல்நெஞ்சுக்காரருக்கு வக்காலத்து வாங்காதே."

அவனுக்குச் சுருக்கென்றது.

"கல்நெஞ்சுக்காரரா? உயிரோட இருக்கிறவன் சட்டையை யாரும்மா ஏலம் போடுவாங்க?"

"என்னது!"

"கொச்சியில இறங்கினவன் திரும்ப ஏறலை. அங்கே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். கைக்குழந்தை வேற. 'அல்தோன்சா காத்திருப்பாடா'ன்னு கெஞ்சினேன். சிரிச்சான். அடிக்கிற வெயில்ல கம்பளி எதுக்குன்னு, அந்தச் சட்டையை மடிச்சுக் குழந்தைக்குப் படுக்கையாப் போட்டிருக்கான்."

"அடப்பாவி! இதை அவகிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொல்லத்தான் கிளம்பினேன். முதலாளி விடலை. 'செத்துட்டான்னா அழுது தீர்த்துடுவா. இருக்கான்னு தெரிஞ்சா ஒவ்வொரு கப்பலுக்கும் கரையில வந்து நிப்பா, ஆயுசு பூரா நிப்பா'ன்னாரு. ஓடிப்போனவனுக்கு ஏதும்மா சம்பளம்? அவ கையில இருக்கிறது முதலாளியோட சொந்தக் காசு."

கியோமார் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

வழியெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேரோ மேல், கொச்சி மேல், இந்தப் பாழாய்ப்போன மிளகின் மேல். என்ன இருந்தாலும் பொய் பொய்தானே! அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியத்தான் வேண்டும். சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுப் படியேறினாள்.

அல்தோன்சா ஓடிவந்து அவளுடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"கிடைக்கலையாம்மா?"

உள்ளேயிருந்து துவார்த்தேயும் வந்துவிட்டார். மனைவி முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"அந்தச் சட்டை ஏலத்துக்கே போகலைடி," என்றாள் கியோமார்.

அல்தோன்சா விழித்தாள்.

"அதைக் கழட்ட யாருக்கும் மனசு வரலையாம். அதைப் போட்டபடியேதான் அவனைக் கடல்ல இறக்கினாங்களாம்."

அல்தோன்சா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சும்மா. கடலுக்கடியில அவருக்குக் குளிருமேன்னுதான் எனக்குத் தூக்கமே வரலை."