ஊன்றும் கால்

“அக்கா, நீ பீரோவா நில்லு. எனக்கு முதுகைக் காட்டி.”

மடித்துக்கொண்டிருந்த துணியை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் நடைவழியில் வந்து நின்றாள். தம்பி அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் உச்சந்தலை அவன் நெஞ்சைத்தான் தொட்டது.

“பீரோ ஆகணும்னா நான் இன்னும் எத்தனை வேளை சாப்பிடணும்டா?”

“சிரிக்காத. நாளைக்கு இந்நேரம் என் கதை முடிஞ்சிருக்கும், இல்லன்னா ஆரம்பிச்சிருக்கும்.”

பீரோ என்பது எதிர் கூடைப்பந்து அணியில் கூடைக்கு அடியில் நின்று ஆடும் சென்டருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். கூடைக்குக் கீழே பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்தாலும் தடுக்க முடியாது. தம்பி அவரைவிட நாலு விரல் உயரம்; எடையில் பாதிதான். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவன் அணியின் சென்டர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் நாளைய இறுதி ஆட்டம் இவன் தலையில் விழுந்திருந்தது. நாளை தாக்குப்பிடித்துவிட்டால் அணியில் நிரந்தர இடம். இல்லையென்றால் பழையபடி பெஞ்சின் ஓரம்.

“கோச் என்ன சொல்றார்?”

“அவர் குதிக்கிற மாதிரி காட்டுவார், நீ குதிக்காத. கையை மேலயே வச்சுக்க. அவர் நிக்கப் போற இடத்துல முந்திப் போய் நில்லுங்கறார். எல்லாம் சரிதான். அவர் முதுகால ஒரு தள்ளு தள்ளினா நான் கதவு மாதிரி திறந்துக்கறேனே.”

முழங்கையை மடக்கி அவள் முதுகில் வைத்து, ஒரு காலை முன்னால் நீட்டி ஒரு பக்கத்தை அடைத்தான்.

“இப்படி மூடிட்டா அவர் அந்தப் பக்கம்தான் திரும்ப முடியும். எந்தக் காலை ஊன்றித் திரும்பணும்னு நான்தான் முடிவு பண்றேன். புரியுதா?”

புரிந்தது. அவன் அடுத்து என்ன கேட்பான் என்பதும் புரிந்தது.

“அவர் உன்கிட்டதானே வர்றார். முழங்கால் வலின்னு காதுல விழுந்தது. எந்த முழங்கால்க்கா?”

அவள் பிசியோதெரபிஸ்ட். மூன்று வாரமாக பீரோ அவளிடம் வலது முழங்காலுக்காக வந்துகொண்டிருந்தார். வீக்கம் இல்லை, சூடு இல்லை. தொட்டால் மட்டும் முகம் சுளிப்பார். “இவ்வளவு பெரிய ஆளு, இதைத் தாங்க மாட்டீங்களா சார்?” என்று அவள் கேலி செய்ததுண்டு. “உடம்பு பெருசுன்னா வலியும் பெருசுதானே மேடம்” என்பார். முதல் நாளே கேட்டார், “இது நம்மளோட இருக்கும்ல?” “இந்த அறையைத் தாண்டாது சார்” என்றாள் அவள்.

“அதெல்லாம் சொல்லக் கூடாதுடா.”

“அவரை அடிக்கவா போறேன்? தொடக்கூட மாட்டேன். ஒரு பக்கத்தை மூடி நிக்கறதும் ஆட்டம்தானே.”

அவள் திரும்பாமல் எதிர்ச் சுவரையே பார்த்து நின்றாள்.

“சரி, நீ சொல்ல வேண்டாம். நானே உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கறேன்.”

சின்ன வயதிலிருந்தே அவள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன். அவன் சுற்றி முன்னால் வருவதற்குள் அவள் சொன்னாள்:

“இடது.”

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் பொய் சுலபமாக வந்தது. அவன் பின்னாலிருந்தே அவள் தோளைக் கட்டிக்கொண்டான். “நீ தெய்வம்க்கா.”

மறுநாள் அரங்கில் உட்கார்ந்தபோதும் அந்தக் கைகளின் பாரம் தோளில் இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் அது நேர்மையா, தன்னை நேர்மையானவள் என்று நினைத்துக்கொள்ளும் ஆசையா? அந்த ஆசைக்குத் தம்பியை அல்லவா பலி கொடுத்தாள். நல்ல காலை ஊன்றி பீரோ சுகமாகத் திரும்புவார். இத்தனை பேர் முன்னால் அவன் கேலிப் பொருளாக நிற்பான்.

அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தம்பி ஒரு பக்கத்தை மூடினான். பீரோ இடது காலை ஊன்றித் திரும்பினார். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. தம்பி குதிக்கவில்லை, கைகளைத் தூக்கியபடி கம்பம் போல நின்றான்.

“ஒட்டடைக்குச்சி, விடாத” என்று கூட்டம் கத்தியது.

அவள் நேற்றிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். பொய் யாரையும் கெடுக்கவில்லை. பையன் தன் திறமையாலேயே நின்றுவிட்டான்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பீரோ மறுபடியும் இடது காலை ஊன்றினார். யாரும் அவரைத் தொடவில்லை. கால் மட்டும் உள்பக்கமாக மடிந்தது. அந்தப் பெரிய உடம்பு சத்தமில்லாமல் தரையில் சரிந்தது.

அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தம்பி வேர்வை சொட்டக் கதவருகே நின்றான். “நான் தொடலக்கா” என்றான்.

அவள் மண்டியிட்டு, பழக்கத்தில் வலது முழங்காலை இரு கைகளாலும் பிடித்தாள். பீரோ அவள் கையை மெதுவாக எடுத்து இடது முழங்காலில் வைத்தார். அது பந்து போல வீங்கிக்கொண்டிருந்தது.

“வலது எப்பவும் நல்லாத்தான் இருந்தது மேடம். எதிர் டீம்ல ஆடறது உங்க தம்பி. எங்க டீமே உங்ககிட்ட அனுப்பினதால வராம இருக்க முடியல; எப்படியும் சொல்லிடுவீங்கன்னு பயந்து காலை மாத்திக் காட்டினேன். இதுக்கு வீட்டுலயே ஐஸ் வச்சு ஒப்பேத்தினேன்.” பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சிரிக்கப் பார்த்தார். “நீங்க வாயே திறக்கல. திறந்திருந்தா இந்தப் பையன் என்னை வலது காலைத்தானே ஊன்ற வச்சிருப்பான். உங்களைப் போய் சந்தேகப்பட்டேன் பாருங்க, மன்னிச்சிடுங்க.”

கதவருகே நின்ற தம்பியும் அதைக் கேட்டான்.