லாரிக்கு எதிரே தையல் மெஷின்

நவம்பர் 9. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. தெருக்கோடியில் மனை போடுவதற்காக மண் கொட்டுகிற இடத்தை வெறும் பள்ளம் என்று எழுதியது தவறு. ஆற்று வெள்ளம் ஊரைவிட்டு வடிவதற்கு இருக்கிற ஒரே வாய்க்கால் அது.

அதன் கரையில், மண் லாரிக்கு நேர் எதிரே, எங்கள் தெருத் தையல்காரி தன் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மாலை வெயில் ஊசியில் மின்னி மின்னி மறைகிறது. போன வெள்ளத்தில் பிடித்த துரு மெஷின் சக்கரத்தில் இன்னும் இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால், வரும் மழைக்கு அவள் வீடு மிஞ்சாது. லாரி உறுமிக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது; அவள் கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. முதலாளி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு" என்று கெஞ்சுகிறான் ஓட்டுநர். "தண்ணி வந்தப்பல்லாம் நாங்கதான் தள்ளிக்கிட்டோம், தம்பி. இன்னிக்கு உன் வண்டி தள்ளிக்கட்டும்." "பொழுதுக்கும் இங்கேயேவா உக்காரப்போறீங்க?" "தைக்கத் துணி நிறையக் கெடக்கு. உன் சட்டையிலகூடப் பட்டனைக் காணோம், கழட்டிக் குடு." பின்னால் நிற்கும் தெருப் பெண்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தி நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்காருகிறாள். ஓட்டுநர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைக்கிறான். இப்போது மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

நாளைய வேலை: காலையில் மண்வெட்டியோடு போய், வாய்க்காலில் ஏற்கெனவே கொட்டிய மண்ணை அள்ள வேண்டும்.