பதினோரு மெமோ

“இவங்கதான் ஐயா அந்த ராட்சசி!”

விசாரணை அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கை நீட்டிக் காட்டிய இடத்தில், கம்பெனி ஆட்களின் வரிசையில், மேற்பார்வையாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“உட்காருங்கம்மா. முறைப்படி பேசலாம்,” என்றார் தொழிலாளர் அதிகாரி.

முறைப்படி பேச என்ன இருக்கிறது? ஆறு வருஷம் அந்தக் கம்பெனிக்கு லிஃப்ட் பழுது பார்த்த மனுஷன், போன மாதம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகில் ஆபரேஷன் செய்தால்தான் எழுந்து நடப்பார். அதைக் கம்பெனி செய்துதர வேண்டுமென்றால், அவர் கம்பெனியின் தொழிலாளி என்று இன்றைக்கு முடிவாக வேண்டும்.

கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“அவரே கையெழுத்துப் போட்டிருக்கார் சார். தனி கான்ட்ராக்டர். இஷ்டப்பட்டா வருவார், இல்லேன்னா வேற இடத்துக்குப் போவார். அவருக்கு அவரேதான் முதலாளி.”

“முதலாளியா?” அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனதுக்கு இந்தம்மா என் வீட்டுக்காரரை என்ன பாடு படுத்துனாங்கன்னு பாருங்க ஐயா. வாயால திட்டுனாக்கூடப் பொறுத்துக்கலாம். எழுதிக் கையில கொடுப்பாங்க. அதையும் பத்திரமா வச்சுக்கணுமாம். கிழிச்சுப் போட்டா இன்னொண்ணு எழுதித் தருவாங்களாம்!”

பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டாள். நாலு பேர் முன்னால் அந்த அம்மாளின் மானத்தை வாங்க வேண்டும் என்றுதான் கொண்டுவந்திருந்தாள். மொத்தம் பதினோரு மெமோ.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘ஒன்பது மணிக்குப் பதில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு விளக்கம் தரவும்.’ ம்... ‘சீருடை அணியவில்லை.’ ‘கம்பெனி ஸ்பானர் இருக்கச் சொந்த ஸ்பானரைப் பயன்படுத்தியது தவறு.’ ‘வேறு நிறுவனத்தின் வேலைக்குப் போக அனுமதி இல்லை.’ ‘மகளின் பள்ளி விழாவுக்கு அரை நாள் மட்டும் விடுப்பு.’”

“அவ பாட்டு முடியறதுக்குள்ள எழுந்து ஓடுனார் ஐயா,” என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“வக்கீல் சார், அவருக்கு அவரே முதலாளின்னா, ஏன் லேட்டுன்னு விளக்கம் கேட்க நீங்க யாரு?”

வக்கீலுக்கு முகம் செத்துப்போயிற்று. “அது... இந்தம்மா தானாக் கிறுக்கிக் கொடுத்த சீட்டு சார். கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லை. சொல்லுங்கம்மா!”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த கம்பெனி மேனேஜர் அந்த அம்மாளையே முறைத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அம்மாள் எழுந்து நின்றார்.

“கம்பெனி தாள். கம்பெனி முத்திரை. கம்பெனி மேற்பார்வையாளரா நான் போட்ட கையெழுத்து. பதினொண்ணுக்கும் நகல் ஆபீஸ் ஃபைல்ல இருக்கு சார்.”

அதற்குமேல் பேச்சு வளரவில்லை. மெக்கானிக் கம்பெனியின் தொழிலாளிதான் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தபோது கம்பெனி கார் கிளம்பிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் அம்மாளை ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு தனியாக நடந்து போனார்.

“நல்லா வேணும்,” என்றாள் மனைவி, துணைக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியனிடம். அவனும் அதே கம்பெனிதான். “தன் வாயாலயே மாட்டிக்கிட்டாங்க. ஏன் தம்பி, உங்களுக்கெல்லாம் எத்தனை மெமோ கொடுத்திருப்பாங்க?”

அவன் தெருமுனை திரும்பும் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அங்க பதினாலு வருஷமா நிரந்தர வேலையில இருக்கேன் அண்ணி. ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்ல. இதுவரைக்கும் எனக்கு ஒரு மெமோகூட வந்ததில்ல. கான்ட்ராக்ட்டுனு கையெழுத்து வாங்கின ஆளுங்களுக்கு மட்டும்தான் அந்தம்மா எழுதித் தருவாங்க. பத்திரமா வச்சுக்கச் சொல்லி.”