புழுதி முகம்

திருச்செங்கோட்டு ஸ்டுடியோவில் கனிஷ்கா மவுஸை நகர்த்த நகர்த்த, திரையில் மோகனாவின் கணவன் பென்சில் கோடுகளாக மாறிக்கொண்டிருக்கிறான். ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனவன். மழை பிடித்தால் திரும்பிவிடுகிறவன், இந்த மழைக்கு இன்னும் வரவில்லை. வேலையிடத்திலிருந்து அவன் செல்போனில் அனுப்பிய படம் அது. முதலில் சட்டையின் நீலம் போகிறது. அடுத்து, முகமெங்கும் அப்பியிருந்த வெள்ளைப் பாறைத்தூளும் போய், கல்யாணத்தன்று இருந்ததுபோல் பளிச்சென்று நிற்கிறான். “நல்லா வந்திருக்குதுங்களா அக்கா?” என்கிறாள் கனிஷ்கா. மோகனா திரையருகே குனிகிறாள். “அந்தப் புழுதி மட்டும் இருக்கட்டும் சாமி. ஊட்டுக்கு அப்படித்தான் வருவாரு.” கனிஷ்கா மவுஸைப் பின்னுக்கு இழுக்கிறாள். நெற்றியிலும் இமையிலும் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறப் புழுதி திரும்பி வந்து படிகிறது. மோகனாவின் கை, தன்னையறியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு திரையை நோக்கி நீள்கிறது.