செம்புக் கம்பி

“இருமுங்க” என்றாள் நர்ஸ்.

அவள் இருமினாள்.

அவ்வளவுதான். வந்துவிட்டது.

தலையைத் தூக்கித் தட்டில் கிடந்ததைப் பார்த்தாள். தீக்குச்சி நீளம்கூட இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. பளபளப்பெல்லாம் போய்க் கறுத்திருந்தது.

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள்.

“அந்தக் கம்பிதான் வேலை செய்யறது. கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு கருத் தங்க விடாது. பத்து வருசம் இருக்கும்ங்க. நாலே வருசத்துல எடுக்கச் சொல்றீங்க?”

“கொழந்தை வேணுங்க.”

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மகன் மகிழன் டெங்குவில் போனபோது அவனுக்கு இரண்டு வயது. அடுத்த மாதமே இந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்து காப்பர் டி வைத்துக்கொண்டாள். பல் டாக்டரிடம் போவதாகக் கணவன் மயில்சாமியிடம் சொன்னாள். இன்னொன்றைப் பெற்று, அதன் நெற்றியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது என்றிருந்தது.

மாதா மாதம் மயில்சாமி காலண்டரைப் பார்ப்பான். எதுவும் கேட்கமாட்டான். அவளே “இல்லைங்க” என்பாள். சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவான்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டில் காதுகுத்து. அழுது ஓய்ந்த குழந்தை மயில்சாமியின் தோளில் தூங்கிவிட்டது. உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும் என்று பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தான். தாய் வந்து வாங்கிக்கொண்ட பிறகும் அவன் கை மடங்கியபடியே இருந்தது.

அவளுக்கும் தன் தோளில் அந்தக் கனம் வேண்டும்போல் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கணபதியில் இருக்கும் கணவனின் பட்டறைக்கு பஸ் ஏறினாள்.

மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் சின்னப் பட்டறை. மயில்சாமி மட்டும்தான் இருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய செம்பை உருவிக்கொண்டிருந்தான்.

“என்ன புள்ள, இந்நேரத்துக்கு?”

நின்றபடியே சொன்னாள். பல் டாக்டர் பொய் உட்பட, எதையும் விடவில்லை.

அவன் குறடைக் கீழே வைத்தான்.

“கோயில் மரத்துல தொட்டில் கட்டினமே.”

“அப்பவும் உள்ள இருந்துச்சுங்க.”

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

“மாசா மாசம் நீ இல்லைன்னு சொல்றப்ப” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு, “மொதல்ல நிம்மதிதான் வரும். அழுகை அப்பறந்தான். இத எப்படி உங்கிட்டச் சொல்றது?”

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனக்கு இப்பப் பயம் போயிருச்சா?”

“இல்லைங்க.”

அவன் தலையாட்டினான். பெஞ்சின் மேல் கிடந்த கம்பிச் சுருள்களை ஒதுக்கினான். அவன் பக்கத்தில் அவள் உட்கார இடம் வந்தது.

இன்னும் கொஞ்சம் ஒதுக்கினான்.