எட்டு வருஷ வண்டி

"ஏனுங்க, பெட்ரோல் வண்டியே போதுமுங்க. டீசல் வண்டிக்கு வெல சாஸ்தி," என்றாள் மெட்டில்டா.

எஸ்டேட் ஆபீஸில் ரிட்டயரான அவள் கணவர் நெல்சன், குன்னூர் ஷோரூமில் நின்ற அந்த உசத்தியான டீசல் காரை விட்டு நகரவில்லை.

"டீசல்தான் அம்மணி. மைலேஜ் குடுக்கும்."

விற்பனைக்காரர் தயங்கினார். "சார், வாரம் ஒருக்கா கோயமுத்தூர் போறதுக்கு டீசல் கட்டுபடியாகாதுங்க. சேத்திக் குடுத்த காசு திரும்பவே எட்டு வருசம் ஓட்டோணும்."

"ஓட்டுவோமுங்க, நானும் அம்மணியும்."

மெட்டில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாராவாரம் அவளுக்கு மருந்து ஏற்றும் கோயமுத்தூர் டாக்டர், நேற்று இருவரையும் உட்காரவைத்து, அவளுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் என்று சொல்லியிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சரிங்க, டீசலே எடுங்க. ஆனா எட்டு வருசம் கழிச்சு, என்னையக் கேக்காம வித்துறாதீங்க."